புளிக்கிற ஒயின் கெட்டுப்போன ஒயினா?

கேள்வி: பரிசாக வந்த சாவின்யான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பாட்டிலைத் திறந்தோம். லேபிளில் 'டிரை' என்று போட்டிருந்தது. ஒரு வாய் குடித்ததுமே பல் கூசுகிற புளிப்பு. கெட்டுவிட்டதா? இல்லை, இதைக் குடிக்கும் விதமே வேறா? எதோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?

பெரும்பாலும் கெட்டிருக்காது. கெட்ட ஒயினை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். வினிகர் நெடியோ நகப்பாலிஷ் வாடையோ அடித்தால் அது போன பாட்டில். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மக்கிய வாடை வந்தால் கார்க்கினால் வந்த கோளாறாக இருக்கலாம். இளம் ஒயினாக இருந்தும் நிறம் நறுக்கிவைத்த ஆப்பிள் போலப் பழுப்பேறியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் புளிப்பு மட்டும்தான் என்றால் அந்த ஒயின் அப்படித்தான் இருக்க வேண்டும்.

'டிரை' என்றால் திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாற்றிவிட்டது என்று பொருள். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை டிரை. அமிலம் அதிகமுள்ள ஒயினில் 9 கிராம் வரைகூட அனுமதி உண்டு. ஆக, புளிப்பை மூடி மறைக்க இனிப்பு இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. பல ஒயின்களில் பாக்டீரியாவைக் கொண்டு கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவார்கள். சாவின்யான் பிளாங்க் போன்றவற்றில் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. பச்சை ஆப்பிளைக் கடித்தது போன்ற அந்த வெடுக்கென்ற சுவையை வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறார்கள்.

நீங்கள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஃபிரிட்ஜில் சுமார் 4 டிகிரி குளிர் இருக்கும். அந்தக் குளிரில் மணம் அடங்கிவிடும், புளிப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். குடிப்பதற்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். கையின் சூடு ஏறாமல் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் அசைக்காமல் முகர்ந்து பாருங்கள். பிறகு சுழற்றிவிட்டு முகருங்கள். அப்போதுதான் சாவின்யான் பிளாங்க் என்ற இந்தத் திராட்சை வாய் திறந்து பேசும். வெட்டிய புல், பச்சைக் குடமிளகாய், பேஷன் ஃப்ரூட் என்று ஒவ்வொன்றாக வரும். குடமிளகாய் வாசம் கற்பனை இல்லை. இரண்டிலும் ஒரே வகை வாசனைப் பொருள் இருக்கிறது. நியூசிலாந்தின் மார்ல்பரோ ஒயின்களில் இந்த மணங்கள் ஓங்கி அடிக்கும். பிரான்ஸின் லுவார் நதிப் பகுதியிலுள்ள சான்செர் ஊர் ஒயினில் அதே திராட்சை கொஞ்சம் அடக்கமாக இருக்கும்.

அப்புறம் சின்ன மிடறு. நான்கைந்து விநாடி வாயிலேயே வைத்திருந்து, விழுங்கிய பிறகு தலையைச் சற்றுக் குனியுங்கள். நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறும். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு அமிலம். அப்படி ஊறும்போது வாய் அடுத்த கவளத்தைத் தேடும். இந்த ஒயினைத் தனியாகக் குடித்து எடை போடுவது அதற்குச் செய்கிற அநியாயம் என்று நான் சொல்வது அதனால்தான்.

நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு எலுமிச்சைத் துண்டில் கொஞ்சம் உப்பைத் தூவிக்கொள்ளுங்கள். முதலில் ஒயினை ஒரு வாய் குடியுங்கள். எலுமிச்சையை நக்குங்கள். உடனே மறுபடி ஒயின். பல் கூசவைத்த அதே ஒயின் இப்போது வழுவழுவென்று, பழச்சுவையோடு, லேசாக இனிக்கக்கூட செய்யும். பாட்டிலில் எதுவும் மாறவில்லை. உங்கள் நாக்கைத்தான் புளிப்பும் உப்பும் தயார்ப்படுத்தியிருக்கின்றன.

உணவு சேர்ப்பதன் மொத்தச் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. தட்டிலுள்ள புளிப்பு ஒயினின் புளிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்த மீன், தக்காளி, எலுமிச்சைச்சாறு கலந்த சாலட் எல்லாம் பொருந்தும். உப்பும் கொழுப்பும் கூட நல்ல துணை. எண்ணெயில் பொரித்த மீனையோ கணவாயையோ ஒரு கடி கடித்துவிட்டு ஒரு மிடறு குடியுங்கள். வாயில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை ஒயின் துடைத்து எடுத்துவிடும். எனக்கு மிகப் பிடித்த ஜோடி ஆட்டுப்பால் சீஸ். சான்செருக்குப் பக்கத்துக் கிராமமான சவிஞோலிலேயே புகழ்பெற்ற ஆட்டுப்பால் சீஸ் ஒன்று உண்டு. அந்தச் சீஸும் சான்செர் ஒயினும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை போலச் சேரும். சிப்பி கிடைத்தால் சாவின்யான் பிளாங்க்கை விட மஸ்கடே அல்லது ஷப்ளி என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயினை வாங்குவேன். அவற்றில் மணம் அடக்கமாக இருப்பதால் கடலின் உப்புச் சுவை கெடாது.

இனிப்புப் பண்டத்தோடு மட்டும் வேண்டாம். இனித்த நாக்குக்கு டிரை ஒயின் வெறும் அமிலமாகத்தான் தெரியும். அதிகக் காரமும் ஒத்துவராது. ஆல்கஹால் எரிச்சலைத் தூண்டிவிடும், அணைக்க இதில் இனிப்பும் இல்லை. காரச் சாப்பாட்டுக்கு லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் எவ்வளவோ மேல்.

மிச்சமிருக்கும் ஒயினைக் கொட்டிவிடாதீர்கள். இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குள் மீன் பொரிக்கிற ஒரு நாளில் மறுபடி திறந்து பாருங்கள்.