முழுமைத் திட்ட வரைவில் பச்சையாகக் காட்டப்பட்ட வீட்டு மனை: ஆட்சேபணை எப்படிக் கொடுப்பது?

கேள்வி: நாகை மாவட்டக் கடலோர ஊராட்சி ஒன்றில், மறைந்த என் மாமனார் பெயரில் 11 சென்ட் பட்டா நிலமும் அதில் ஒரு பழைய ஓட்டு வீடும் இருக்கின்றன. கடல் 600 மீட்டர் தூரம். உப்பாற்றுக் கரையோ 70 மீட்டரில் வந்துவிடும். ஓட்டு வீட்டை எடுத்துவிட்டு மாடி வீடு கட்டலாம் என்றிருந்த நேரத்தில், பக்கத்து நகராட்சிக்கான முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவில் எங்கள் ஊராட்சியையும் சேர்த்து, எங்கள் தெருவை வேளாண் பகுதி என்று பச்சையில் காட்டியிருக்கிறார்கள். "டெல்டாவே வேளாண் மண்டலம் ஆகிவிட்டது, இனி ஒரு செங்கல் வைக்க முடியாது" என்கிறார்கள் சிலர். ஊர்க் கூட்டத்தில் மீனவர், விவசாயி, மனை வாங்கியவர் என்று ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். ஆற்றங்கரை முழுவதையும் குடியிருப்புப் பகுதியாக மாற்றக் கோரும் மனுவில் எங்கள் கையெழுத்தையும் கேட்கிறார்கள். போடலாமா? தனியாக ஆட்சேபணை கொடுப்பதென்றால் எப்படி?

பதில்: உங்கள் 11 சென்ட்டின் மீது இப்போது மூன்று தனித்தனிச் சட்டங்கள் வந்து நிற்கின்றன. ஊர்க் கூட்டத்தில் அவை மூன்றும் ஒன்றாகக் குழப்பப்படுவதால்தான் இவ்வளவு கூச்சல். ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் வேறு, கோடு வேறு, கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. எளிதாகத் தீர்வதை முதலில் தீர்த்துவிடுவோம்.

"ஒரு செங்கல் வைக்க முடியாது" என்ற பேச்சு, 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது. கடலூர், நாகை மாவட்டங்களின் 45 கிராமங்களைப் பெட்ரோலிய, ரசாயன முதலீட்டு மண்டலத்துக்குள் கொண்டுவர 2017-இல் பிறந்த அரசாணையையும் அதற்கு எழுந்த எதிர்ப்பையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த முயற்சி கைவிடப்பட்ட அதே 2020 பிப்ரவரியில்தான் இந்தச் சட்டமும் நிறைவேறியது. புதிய எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு ஆகியவற்றுக்கான ஆய்வும் துளையிடலும், உருக்காலைகள், தோல் பதனிடும் தொழில், கப்பல் உடைக்கும் தொழில் போன்று அதன் அட்டவணையில் பட்டியலிடப்பட்டவற்றையே அது தடுக்கிறது. தனி மனிதர் குடியிருக்க வீடு கட்டுவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே முழுமைத் திட்ட வரைபடத்தின் பச்சைக்கும் இந்தச் சட்டத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அந்தப் பச்சை, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வரும் நிலப்பயன்பாட்டு வகைப்பாடு. அது உங்கள் பட்டாவை மாற்றாது, நிலத்தைப் பறிக்காது, இருக்கும் ஓட்டு வீட்டில் நீங்கள் குடியிருப்பதையும் தடுக்காது. புதிதாகக் கட்ட அனுமதி கேட்கும்போதுதான் குறுக்கே நிற்கும். வரைவிலேயே இதைச் சரிசெய்துகொண்டால் செலவு தபால் கட்டணத்தோடு போகும். திட்டம் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்துவிட்டால், நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியே விண்ணப்பித்து, பத்திரிகை அறிவிப்பு, கட்டணம், பல துறைகளின் கருத்து என்று நீண்ட காலம் அலைய வேண்டியிருக்கும். வரைபடத்தில் உங்கள் நிலத்தின் மீது சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கீடு செய்திருக்கிறார்களா என்பதையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒதுக்கீடு என்பது வண்ணத்தைவிடக் கனமானது. மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்காவிட்டால் நிலம் அதிலிருந்து விடுபட்டதாகக் கொள்ளப்படும் என்று 38-ஆம் பிரிவு கூறினாலும், அதை நிலைநாட்ட நீதிமன்றம் வரை போனவர்கள் நிறையப் பேர்.

உண்மையில் உங்கள் மாடி வீட்டைத் தீர்மானிக்கப்போவது பச்சையைவிட அந்த 70 மீட்டர்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் சி.ஆர்.இசட். என்று சொல்வது, கடலை ஒட்டி உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தின்போது நீர் எட்டும் எல்லைக் கோடு) நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை பொருந்தும். அந்தக் கணக்கில் நீங்கள் வெளியே. ஆனால் கடல் நீர் ஏறி இறங்கும் ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் தனிக் கணக்கு உண்டு: 2011 அறிவிக்கையின்படி 100 மீட்டர் அல்லது நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அது, 2019 ஜனவரி 18 அறிவிக்கையின்படி 50 மீட்டர் அல்லது அகலம், எது குறைவோ அது. எனவே முதலில் ஆற்றின் அகலத்தை அளந்து பாருங்கள். 60 மீட்டர் அகலமுள்ள ஆறு என்றால், பழைய அறிவிக்கையின்படியே எல்லை 60 மீட்டரில் முடிந்துவிடும். 70 மீட்டரில் இருக்கும் நீங்கள் தப்பினீர்கள். ஆறு 100 மீட்டருக்கு மேல் அகலம் என்றால், 2011 கணக்கில் உள்ளே, 2019 கணக்கில் வெளியே. 2019 அறிவிக்கையின்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெறும் வரை பழைய அறிவிக்கையின் வரைபடமே செல்லும் என்பதால், உங்கள் மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடப்பில் உள்ளது என்பதை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது அவசியம். வாய்ச் சொல்லை நம்பி அஸ்திவாரம் தோண்ட வேண்டாம்.

இதில் டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அலையின் தாக்கம் ஆற்றில் எதுவரை என்பது, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்புத்தன்மை ஆயிரத்தில் ஐந்து பங்கு இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யப்படுகிறது. நம் கடைமடை ஆறுகள் பலவற்றில் உப்பு நீர் மேலேறாமல் தடுக்கக் கதவணைகள் உண்டு; அவற்றை 'டெயில் எண்ட் ரெகுலேட்டர்' என்றே ஊரில் சொல்வார்கள். 1991 பிப்ரவரி 19-க்கு முன்பே கட்டப்பட்ட கரையோ கதவணையோ இருந்தால், உயர் அலைக் கோட்டை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது 2019 அறிவிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் மனை கதவணைக்கு மேற்கே இருக்கிறதா, கிழக்கே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கே என்றால், கதவணை கட்டிய ஆண்டைப் பொதுப்பணித்துறை அல்லது நீர்வளத்துறைப் பதிவிலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். வழக்கறிஞரின் பத்துப் பக்க மனுவைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும்.

அளவையும் சற்று உற்றுப் பாருங்கள். கடலோர மேலாண்மைத் திட்டத்தின் பொது வரைபடம் 1:25,000 அளவில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர்; அதாவது கோட்டின் தடிமனே உங்கள் மனையின் அகலத்தை விழுங்கிவிடும். வெளியூர் ஆலோசகர்கள் பலரும் அந்தப் பொது வரைபடத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து "உள்ளே", "வெளியே" என்று தீர்ப்புச் சொல்வதைப் பார்க்கிறேன்; அதற்குப் பொருளே கிடையாது. நீங்கள் கேட்க வேண்டியது 1:3,960 அளவிலான உள்ளூர் வரைபடம். ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற பழைய கிராம வரைபடக் கணக்கு அது. புல எண்கள் அதில்தான் தெரியும்.

ஒருவேளை உள்ளே என்றே வந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. கடலோர அறிவிக்கை நிலத்தைப் பிரிக்கும் வகைகளில், ஊராட்சிப் பகுதிகள் பெரும்பாலும் மூன்றாம் வகையில் வரும். அதில், 2011 அறிவிக்கையின்படி, ஆற்றோரம் அந்த 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம் வரை வளர்ச்சித் தடைப் பகுதி. புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள அங்கீகரிக்கப்பட்ட வீட்டை, அதே அடித்தளப் பரப்புக்கும் தளப் பரப்புக்கும் மிகாமல், பழுது பார்க்கவோ திரும்பக் கட்டவோ தடையில்லை. அதாவது ஓட்டு வீடு இருந்த அளவில் வீடு கட்டலாம், மாடி எழுப்ப முடியாது. இதே நிலம் நகராட்சிக்குள் இரண்டாம் வகையில் இருந்திருந்தால், ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கம் கட்ட வழி உண்டு. 2019 அறிவிக்கை நடைமுறையில் இருந்தால், இவ்விரு வகைப் பகுதிகளில் 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு உள்ளாட்சி அமைப்பே, அறிவிக்கையின் விதிகளைச் சரிபார்த்து, ஒப்புதல் தரலாம். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வரை போக வேண்டியதில்லை. "சி.ஆர்.இசட். கிளியரன்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகர் யாராவது வந்தால், அவரிடம் இந்த ஒரு விதியைச் சொல்லிப் பாருங்கள்.

எப்படியாயினும் அந்த ஓட்டு வீட்டை இப்போது இடித்துவிடாதீர்கள். உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய சான்று அதுவே.

இனி ஆட்சேபணை. 26-ஆம் பிரிவின்படி, வரைவு பற்றிய அறிவிப்பை அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுத்தாக வேண்டும். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியது கணக்கில் வராது. உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்கு எழுத்து மூலம் போனதே கணக்கு. மனுவின் முதல் வரியிலேயே வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு எண், பரப்பு, வரைபடத் தாளின் எண் ஆகியவை இருக்கட்டும். "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்று தொடங்கும் மனுக்கள் கட்டுக் கட்டாக வரும். அவற்றை எந்த நிலத்தோடு பொருத்திப் பார்ப்பது என்று தெரியாமல் அதிகாரி ஒரே பதிலை எல்லாவற்றுக்கும் எழுதிவிடுவார். உங்கள் மனுவின் மையம் ஒரே வாக்கியம்: இந்தப் புல எண்ணில் வரைவு தயாரிக்கும் முன்பிருந்தே வீடு இருக்கிறது, ஆகவே இருக்கும் பயன்பாட்டைத் தவறாகப் பதிந்திருக்கிறீர்கள். செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலப்பயன்பாட்டைக் குறிக்கும்போது, தென்னைக்குக் கீழே இருக்கும் ஓட்டு வீடு தோப்பாகவே தெரியும். இது அடிக்கடி நடக்கும் பிழை, திருத்துவதற்குத் தயங்கவும் மாட்டார்கள்.

ஆதாரமாகப் பட்டா, புலப்பட நகல், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, தெருவோடு சேர்த்து எடுத்த புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். வீட்டு வரி ரசீதில் 1991 பிப்ரவரி 19-க்கு முந்தையது கிடைத்தால் பொன்போல வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடலோர அறிவிக்கை வந்த நாள் அது, இரண்டு சட்டங்களுக்கும் அந்த ஒரே தாள் பயன்படும். 2004 சுனாமிக்குப் பிறகு எடுக்கப்பட்ட சேதக் கணக்கெடுப்பில் உங்கள் வீடு இடம்பெற்றிருந்தால் அதன் நகலும் உதவும். பட்டா மறைந்தவர் பெயரில் இருப்பதால் வாரிசுச் சான்றிதழையும் சேர்த்து, எல்லா வாரிசுகளும் கையெழுத்திடுவது நல்லது. மனுவின் கடைசியில், "என்னை நேரில் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரியை மறக்காதீர்கள். விசாரிக்கும்படி கோரியவருக்கே வாய்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், கேட்காதவரை அழைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

கடைசியாக, அந்தக் கூட்டு மனு. என் கருத்தில், இப்போதுள்ள வாசகத்தில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது. ஆற்றங்கரை முழுவதையும் மஞ்சளாக, அதாவது குடியிருப்புப் பகுதியாக, மாற்றக் கோரினால், உங்கள் ஓட்டு வீட்டையும் நேற்று விலை பேசப்பட்ட காலி மனையையும் ஒரே தட்டில் நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். நியாயமான உங்கள் கோரிக்கை அதில் காணாமல் போய்விடும். மேலும் விவசாயிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கடைமடையில் வடகிழக்குப் பருவமழையின்போது சம்பா, தாளடி வயல்களின் நீர் முழுவதும் வடிய வேண்டியது உங்கள் தெருவை ஒட்டிய தாழ்வான நிலம் வழியாகத்தான். அங்கே ஒவ்வொரு மனையிலும் மூன்றடி மண் அடித்து மேடாக்கினால், வயலில் தண்ணீர் நிற்கும். மேடாக்க வசதியில்லாத பழைய வீடுகளுக்குள்ளும் அதே தண்ணீர் வரும்.

மீனவர்களின் கோபத்துக்கும் பின்னணி உண்டு. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த 172-ஆம் எண் அரசாணை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு இரண்டு வழிகளை வைத்தது: உள்ளே தள்ளிப் போனால் புது வீடு, இருந்த இடத்திலேயே இருந்தால் பழுது பார்க்க அரசு உதவி இல்லை. விட்டுவந்த கரையில் நாளை விடுதிகள் எழும் என்ற அச்சம் அன்றே தொடங்கியது. படகு நிறுத்தும் இடமும் வலை உலர்த்தும் மணலும் கருவாடு காயும் திடலும் வரைபடத்தில் பெயரில்லாமல் வெறும் வெளியாகக் கிடந்தால், அவர்கள் எழுந்து பேசாமல் என்ன செய்வார்கள்? பச்சையாக விட்டால் இறால் குட்டை வந்துவிடும் என்று உங்கள் கூட்டத்தில் யாரேனும் சொல்லியிருந்தால், அந்தப் பயத்துக்கும் வரலாறு இருக்கிறது. தஞ்சை மண்ணில் பணியாற்றிய சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று உத்தரவிட்டதும், 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தப் பண்ணைகளுக்கு வழிவிட்டதும் இந்தக் கரையோரம் யாருக்கும் மறக்கவில்லை. ஆயினும் அச்சட்டத்தின் வழிகாட்டு விதிகள் விவசாய நிலத்தைப் பண்ணையாக மாற்றக் கூடாது என்கின்றன. எனவே பச்சை வண்ணம் அங்கே தடையாகவே உதவும்.

கையெழுத்துக் கேட்பவர்களிடம் வாசகத்தை மாற்றச் சொல்லிப் பாருங்கள்: வீடுகள் உள்ள புல எண்களை மட்டும் பட்டியலிட்டுக் குடியிருப்பாகத் திருத்தவும், வடிகால் வாய்க்கால்களையும் மீனவர் பொது இடங்களையும் பெயர் குறித்து வரைபடத்தில் காட்டவும் கோரினால், மூன்று தரப்பும் ஒரே தாளில் கையெழுத்திட முடியும். மறுத்தால், உங்கள் மனுவைத் தனியாகப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பி, ஒரு நகலை நேரில் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புதலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வாரம் வரை வைத்திருக்க வேண்டாம், வாரிசுச் சான்றிதழ் கைக்கு வருவதற்கே பல வாரங்கள் பிடிக்கலாம்.