சிப்பாய்களில் தொடங்கலாம் – கடிதம்

ஐயா, வணக்கம்.

மேலூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித்தருகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஹாஸ்டலில் பழகியதுதான். போன மாதம் மதுரையில் ஒரு டோர்னமெண்டுக்கு அழைத்துப்போனேன். நாலே மூவில் ராஜாவை மடக்கும் நாலு மூவ் மேட்டில் பள்ளியில் எல்லோரையும் ஜெயிக்கிற பையன் ஒரே ஒரு பாயிண்டோடு அழுதுகொண்டு வந்தான். அங்கிருந்த கோச் ஒருவர், ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்கள், தெரியாமல் ஒன்றும் நடக்காது, ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. பெண் பிள்ளைகளை மதுரை வரை அனுப்பவே வீட்டில் தயங்குகிறார்கள். நான் என்னதான் சொல்லித்தருவது?

– மேலூர் வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த வகுப்புக்கு இப்போது அவசியமில்லை. ஓப்பனிங்கை மனப்பாடம் செய்த பிள்ளை, எதிராளி ஆறாவது மூவில் வேறு காயை நகர்த்தியதும் திகைத்து நின்றுவிடும். ஆரம்ப நிலையில் ஆட்டங்கள் ஓப்பனிங்கால் தோற்பதில்லை. காவல் இல்லாத குதிரையைச் சும்மா கொடுத்துத்தான் தோற்கின்றன.

நாலு மூவ் மேட் எப்படி விழுகிறது என்று அந்தப் பையனையே பலகையில் விளக்கச் சொல்லுங்கள். ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. ராணியும் மந்திரியும் சேர்ந்து அங்கேதான் பாய்கின்றன. இதைத் தெரிந்த எதிராளி, சீக்கிரமே வெளியே வந்த ராணியை விரட்டி விரட்டியே தன் காய்களை எல்லாம் நல்ல இடங்களுக்குக் கொண்டுவந்துவிடுவான். மதுரையில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

வருகிற சனிக்கிழமை மற்ற காய்களைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு ராஜா, எட்டுச் சிப்பாய்கள். சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் முதலில் ராணி எடுப்பவர் ஜெயித்தார். ராஜாவை ஓரத்தில் பதுக்கியே பழகிய பிள்ளைகள், அதை நடுவுக்கு நடத்திப்போகக் கற்றுக்கொள்வார்கள். பிறகு ஒரே ஒரு சிப்பாயும் இரண்டு ராஜாக்களும். எதிரி ராஜா எதிரே மறித்து நிற்க, உங்கள் ராஜா ஆறாவது வரிசையை எட்டி, சிப்பாய் அதற்கு நேர் பின்னால் ஐந்தாவதில் நின்றால், யார் முறையானாலும் வெற்றிதான். பலகையின் இரண்டு ஓரக் கோடுகளில் மட்டும் இது செல்லாது. ஏன் செல்லாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். கணக்கு வாத்தியாரான உங்களுக்கு இது கைவந்த வேலை.

1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த காபாபிளாங்காவும் கடைசிக்கட்ட ஆட்டத்தைத்தான் முதலில் படிக்கச் சொன்னார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் பட்டம் வென்ற பதினான்காவது ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஐம்பத்தைந்தாவது மூவில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார். அவருடைய மந்திரி மூலையில் கிடந்ததால் அதையும் மாற்றிக்கொள்ளும்படி ஆயிற்று. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். மூன்று மூவில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார். சிப்பாய் ஆட்டம் பழகிய உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கடைசி நிலை புரியும். உலகப் பட்டம் முடிவான இடம் தனக்குப் புரிகிறது என்று ஒரு பிள்ளை உணர்வது சின்ன விஷயமா!

அடுத்து, ஆட்டத்தை ஒவ்வொரு மூவாகத் தாளில் எழுதப் பழக்குங்கள். தோற்ற ஆட்டத்தை அன்றைக்கே பேசவேண்டாம். அழுகிற பிள்ளைக்கு முதலில் சாப்பாடு வாங்கிக்கொடுங்கள். விடியற்காலையில் கிளம்பி மாட்டுத்தாவணியில் இறங்கி, பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடுதான் முதல் ரவுண்டில் உட்கார்ந்திருப்பார்கள். மறுவாரம் அந்தத் தாளைப் பிரித்து, காய் சும்மா போன முதல் இடத்தைப் பிள்ளையே தேடட்டும். போனில் எஞ்சினிடம், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலிடம், கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும். ஆனால் தேடுகிற பழக்கம் வராது. குகேஷுக்குச் சிறுவயதில் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சினைத் தள்ளியே வைத்திருந்தார்.

ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: அவன் எதற்காக அதை நகர்த்தினான்? நான் வைக்கப்போகும் இடத்தில் என் காயை யார் வெட்டுவார்கள்? கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். தொட்ட காயை ஆடித்தான் ஆகவேண்டும் என்கிற விதியைப் பள்ளியிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் பெரிய ஆட்டக்காரராக இல்லாததால் இதில் எதுவும் குறைந்துபோகாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடத் தயாராக இருக்கிறீர்கள், அது போதும்.

பெண் பிள்ளைகள் விஷயம்தான் எனக்கு மனதில் நிற்கிறது. 2024 புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் நம் பெண்கள் அணியும் தங்கம் வென்றது, சென்னையின் வைஷாலி அதில் ஆடினார். தயங்குகிற வீடுகளில் இதைச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் பிள்ளையை அனுப்பிவிட மாட்டார்கள் என்றும் தெரியும். ஆகவே போட்டியை ஊருக்கே கொண்டுவாருங்கள். கொட்டாம்பட்டி, வெள்ளலூர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் பேசி, மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் பள்ளியில் காலை முதல் மதியம் வரை ஆடவையுங்கள். அம்மாக்களையும் வரச்சொல்லுங்கள். பலகைகள் போதாவிட்டால் எழுதுங்கள், நான் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்.