ஆடாதோடை இலையின் குடித்தனக்காரர்கள்

அன்புள்ள ஐயா,
நோயில்லாத இலைக்குள்ளும் பூஞ்சைகள் வாழ்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வேலியில் ஆடாதோடை நிற்கிறது. இருமலுக்கு அம்மா அதில்தான் கஷாயம் வைப்பார். இப்போது இலையை மூன்று முறை கழுவுகிறார். கழுவினால் போய்விடுமா? மருந்தைச் செய்வதே அந்தப் பூஞ்சைகள்தான் என்கிறான் என் மகன். உண்மையா?
எம்., லால்குடி

அன்புள்ள எம்.,

முப்பது முறை கழுவினாலும் போகாது; அவை இருப்பது இலைக்குள்ளே. அவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க, ஆய்வகத்தில் இலையை எரிசாராயத்திலும் பிளீச்சிங் கரைசலிலும் முக்கியெடுத்து, கிருமி நீக்கிய நீரில் அலசுவார்கள். கடைசியாக அலசிய நீரைத் தனித் தட்டில் ஊற்றி வைப்பதும் உண்டு. அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய வேலை வீண். இலைக்கு வெளியே ஒட்டியிருந்தது இன்னும் போகவில்லை என்று பொருள். பிறகுதான் இலையைப் பொடித் துண்டுகளாக நறுக்கி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகார் என்ற கூழ் மீது வைப்பது. சில நாட்களில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிழைகள் கிளம்பும். நரம்புத் துண்டில் ஒன்று, ஓரத் துண்டில் வேறொன்று. சில பூஞ்சைகள் வித்தே விடாமல் வெள்ளையாகவே அடம்பிடிக்கும். அவற்றுக்கு டிஎன்ஏ பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும்.

இந்த உள்வாசிப் பூஞ்சைகள் பொதுவாகத் தளிரில் குறைவு, முற்றிய இலையில் அதிகம். பெரும்பாலானவை காற்றில் வந்து குடியேறுபவை. அதற்கு நாளாகும் அல்லவா? ஒவ்வொரு செடிக்கும் தனிக் கூட்டம் என்றும் எண்ண வேண்டாம். சென்னை விவேகானந்தா கல்லூரியின் டி.எஸ். சூர்யநாராயணன் குழுவினர் தேடியபோது, பில்லோஸ்டிக்டா வகைப் பூஞ்சை ஒன்றே உறவில்லாத பல மரங்களின் இலைகளில் அகப்பட்டது.

உங்கள் மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். யூ என்ற ஊசியிலை மரத்திலிருந்து கிடைக்கும் டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தை, அம்மரத்துக்குள் வாழும் பூஞ்சை ஒன்று தானே செய்கிறது என்று 1993இல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். கிடைத்ததோ நானோகிராம் கணக்கு. 2013இல் வேறொரு குழு அதே பூஞ்சையின் மரபணுத் தொகுதியைத் துழாவியது. டாக்சாலைச் செய்யும் மரபணுக்களைக் காணோம். எனக்கும் அந்த முதல் செய்தி ஒரு காலத்தில் பிடித்துத்தான் இருந்தது.

அம்மா அஞ்ச வேண்டிய பூஞ்சை வேறு. அரைகுறையாகக் காய்ந்த இலையை டப்பாவில் அடைத்தால் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் பூக்கலாம். அதில் சில இனங்கள் விடும் அஃப்ளடாக்சின் நஞ்சு கஷாயக் கொதிப்புக்கு அழியாது. பூசணம் கண்ட இலையைத் தூக்கி எறியுங்கள். வேலியில் பறித்த பச்சை இலையென்றால், தூசிக்காக ஒரு முறை கழுவினால் போதும்.