பெருமாளின் தயை – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் தெருவில் 9 வயதுப் பையன் ஒருவன் டெங்குவில் போய்விட்டான். துக்கம் கேட்க வந்த பெரியவர் அவன் அம்மாவிடம், “நம்ம கருணையை வச்சு பகவானோட கருணையை அளக்கக் கூடாதும்மா” என்றார். அளக்கவே கூடாது என்றால் அதற்குக் கருணை என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

இந்தச் சண்டையை ஸ்ரீவைஷ்ணவர்கள் சில நூறு வருடங்கள் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குள் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு. அந்தப் பெயர்களைக் கேட்டதும் நமக்கு நாமமும் கோர்ட் வழக்கும்தான் ஞாபகம் வரும், ஆனால் இரு கலைகளுக்கும் நடுவே 18 பேதங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் ஒன்று கிட்டத்தட்ட உங்கள் கேள்விதான். பெருமாளுக்குத் தயை என்றால் என்ன? ‘பரதுக்க துக்கித்வம்’ என்பார்கள் தென்கலையார், பிறர் துக்கம் கண்டு தானும் துக்கப்படுவது. வடகலையார் ஒப்பவில்லை. துக்கம் ஒரு குறை, குறையே இல்லாதவனுக்கு அது எப்படி வரும், பிறர் துக்கத்தைப் போக்க நினைப்பதே தயை என்றார்கள். தென்கலையார் உடனே வால்மீகியைக் காட்டினார்கள். மனிதர்களுக்குக் கஷ்டம் வந்தால் ராமன் ரொம்பவே துக்கப்படுகிறான் என்று அயோத்தியா காண்டத்தில் ஜனங்களே சொல்கிறார்கள்.

இதில் யாருமே உங்கள் பெரியவர் சொன்னதைச் சொல்லவில்லை, பாருங்கள். கூடவே உட்கார்ந்து அழுகிற அம்மா ஒரு அளவுகோல், அழாமல் தையல் போடுகிற டாக்டர் இன்னொன்று. இரண்டும் நம்மூர் அளவுகோல்கள்தான். அளவே கிடையாது என்றால் அப்புறம் கருணை என்றாலும் ஒன்றுதான், சுண்டைக்காய் என்றாலும் ஒன்றுதான்.

டாக்டர் என்றதும் குலசேகராழ்வார் வந்துவிடுகிறார். ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்’, நீ மீளாத் துயர் தந்தாலும் உன் அருளையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறார் வித்துவக்கோட்டுக் கோயில் பெருமாளிடம். எனக்கு ரொம்பப் பிடித்த பாசுரம். ஆனால் சொல்வது யார்? அறுபடுகிறவன். வலி ஏதும் இல்லாமல் கட்டில் பக்கத்தில் நிற்கிற ஒருவன் அதையே நோயாளியிடம் எடுத்துச் சொன்னால் அது வாயடைப்பு. அந்தத் தாய் பத்து வருடம் கழித்துத் தானாகச் சொல்லலாம், சொல்லாமலே போகலாம், அது அவள் பாடு. பெரியவரின் தத்துவத்தைவிட அதை அவர் சொன்ன இடம்தான் எனக்கு உறுத்துகிறது.

சரி, நீ எந்தப் பக்கம் என்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் தென்கலை (பிறந்தது வேறு கலையில், வீட்டில் சொல்லிவிடாதீர்கள்). கர்மத்தால் வரும் துக்கம் குறை, பிரியத்தால் வரும் துக்கம் குணம் என்ற அவர்கள் பதில் எனக்குப் போதும். கோடானுகோடி ஜீவன்களுக்காகத் துக்கப்படுகிறவனுக்கு ஆனந்தம் ஏது என்று மடக்கினால் முழிப்பேன்தான்.

அதற்காக வடகலையை வறட்டுத் தர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் வேதாந்த தேசிகர், திருமலை ஸ்ரீநிவாசனின் தயையை ஒரு தேவியாகவே பாவித்து 108 சுலோகம் பாடியிருக்கிறார், தயா சதகம். முதல் சுலோகத்திலேயே, பெருமாளின் கருணை கரும்புச்சாறாக ஓடிவந்து சர்க்கரைக்கட்டியாக இறுகி நிற்பதுதான் இந்த மலை என்கிறார்.