மாஸ்டரிங்குக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

ஒரு கண்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைக்க ஒரு இன்டர்ஃபேஸ் வாங்கி வீட்டிலேயே பதிவு செய்கிறோம். தங்கை பாடுகிறாள், கீபோர்டும் கிட்டாரும் நான். ஹெட்போனில் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் போட்டால் குரல் அமுங்கி, எல்லாம் மந்தமாகக் கேட்கிறது. மாஸ்டரிங் ப்ளக்-இன் (பதிவு மென்பொருளோடு சேர்க்கும் கருவி) வாங்கினால் சரியாகும் என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மாஸ்டரிங் என்பது மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்தவற்றை அளவு பார்த்துக் கலப்பது) முடிந்து, இடம் வலம் என்று இரண்டே சேனலாகிவிட்ட கோப்பின் மேல் செய்கிற வேலை. அங்கே போய்க் குரலைத் தூக்கினால் அதே அலைவரிசையில் இருக்கும் கிட்டாரும் கூடவே எழும்பும். உங்கள் சிக்கல் மிக்ஸில் இருக்கிறது.

ஹெட்போனில் கிட்டார் ஒரு காதிலும் கீபோர்டு இன்னொரு காதிலுமாக விலகி நிற்பதால் நடுவில் குரலுக்குத் தானாகவே இடம் கிடைத்துவிடுகிறது. போனில் அந்த விலகல் ஏறக்குறைய இல்லை, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன. அதனால் மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காமல் ஒரே சேனலில், வைத்து மிக்ஸ் செய்யுங்கள். ப்ளக்-இன் எல்லாவற்றையும் அணைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் எல்லாவற்றையும் கீழே இறக்கி, முதலில் தங்கையின் குரலை மட்டும் ஏற்றுங்கள். அப்புறம் கிட்டார், பிறகு கீபோர்டு, ஒவ்வொன்றும் பாட்டின் ஒரு சொல்லையும் மறைக்காத அளவுக்கு மட்டும். பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவு மெல்லிய சத்தத்தில் இதைச் செய்தால் எது துருத்துகிறது, எது அமுங்குகிறது என்று சீக்கிரம் தெரியும்.

மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள நெரிசல். கிட்டாரின் கீழ்க் கம்பிகளும் கீபோர்டில் உங்கள் இடது கையும் அங்கேதான் இருக்கின்றன. ஒலியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் இடது கையை எடுத்துவிட்டு அந்தப் பகுதியை மறுபடி வாசிப்பதுதான் நான் முதலில் சொல்வது. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் இருந்தால் அதுவும் பெரிதும் அடங்கும். மைக்கை ஒட்டிப் பாடினாலும் கீழ் ஒலி வீங்கும், ஒரு சாண் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், மதுரை வெயிலில் கஷ்டம்தான், ஆனால் சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் போட்டதும் அந்த இரைச்சல் குரலோடு மேலே வந்துவிடும்.

நண்பர் சொன்ன ப்ளக்-இன் விஷயத்துக்கு வருகிறேன். நம் காது சத்தம் கூடினாலே நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும், ஒன்றிரண்டு டெசிபெல் கூடினாலே போதும். மாஸ்டரிங் ப்ளக்-இன்கள் பலவும் போட்ட உடனே சத்தத்தை ஏற்றுபவை, அதனால் எதைப் போட்டாலும் அற்புதமாகத் தோன்றும். போடுவதற்கு முன்பும் பின்பும் சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள், மாற்றம் நல்லதா என்று அப்போதுதான் சொல்ல முடியும். உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டோடு ஒப்பிடும்போதும் அப்படியே. அது ஏற்கெனவே மாஸ்டரிங் ஆனது, உங்கள் மிக்ஸின் அளவுக்கு அதை இறக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கடைசியில் சத்தம் வேண்டுமென்றால் உச்சத்தைத் தாண்டவிடாத ஒரு லிமிட்டர் போதும், உங்கள் மென்பொருளிலேயே இருக்கும். உச்சத்தை -1 டெசிபெல்லில் நிறுத்துங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாடல்களை -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கிறது. நீங்கள் நசுக்கி ஏற்றியதை அது இறக்கிவிடும், நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும்.

ஃபேடர் மட்டும் வைத்துச் செய்த மோனோ மிக்ஸை அனுப்புங்கள், கேட்டு எழுதுகிறேன்.