ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றினால் எவ்வளவு ஊற்றுவது, அளவை எப்படிப் பார்ப்பது?

வடிந்த அளவுக்கே ஊற்றுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஊற்றினால் நிரம்பி வழியும். அடித்தட்டின் போல்ட்டைக் கழற்றினால் பாதி ஆயில்கூட வராமல் போகலாம். மீதி டார்க் கன்வர்ட்டரிலும் (இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்), ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் வடிந்ததை அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஊற்றும் வழியின் மூடி கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் வடித்த பிறகு அது இறுகிக் கிடந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அளவு பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இன்ஜின் ஆயில் போல அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, சூடேறியதும் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியருக்கும் மாற்றி, பார்க்கில் போட்டு, இன்ஜின் ஓடும்போதே கியர் ஆயிலின் அளவுக் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவ வேண்டும். துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். ஈரம் 'ஹாட்' கோடுகளுக்கு நடுவில் நின்றால் சரி. சில ஹோண்டா வண்டிகளில் மட்டும் அணைத்த கையோடு பார்க்கச் சொல்வார்கள், கையேட்டைப் புரட்டிவிடுங்கள்.

குச்சியே இல்லாத வண்டியா? கையேடு சொல்லும் வெப்பநிலையில் கியர்பாக்ஸின் அளவு பார்க்கும் மூடியைத் திறந்து, ஆயில் மெல்லிசாகச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை நாலு பக்கமும் சமமாகத் தூக்க வசதியில்லை என்றால் இதை மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

கூடுதலாக ஊற்றினால் நுரைத்து கியர் வழுக்கும். அப்புறம், கையேடு சொல்லும் வகை ஆயில்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.