444 கோடி என்ற விடை

அன்புள்ள ஐயா,

சூழலியல் தடம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்ததும் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் உயிரியல் கொள்திறன், அதாவது ஓராண்டில் அது புதுப்பித்துத் தரக்கூடியது, சுமார் 1200 கோடி உலக ஹெக்டேர் (உலகச் சராசரி விளைச்சல் உள்ள ஹெக்டேர்). ஒருவரின் சராசரித் தடம், அதாவது அவர் ஓராண்டில் பயன்படுத்துவதற்கு வேண்டிய பரப்பு, சுமார் 2.7. வகுத்தால் 444 கோடி. நாமோ 800 கோடியைத் தாண்டிவிட்டோம். அப்படியென்றால் பாதிப்பேர் மிகையா? செயின்ட் மேத்யூ தீவுக் கலைமான்களைப் போலத்தான் முடிவோமா? அடுத்த ஆண்டு எனக்குத் திருமணம். பிள்ளை பெற்றுக்கொள்வது நியாயமா என்ற கேள்வி தூங்கவிடமாட்டேன் என்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

கலைமான்களை முதலில் விட்டுவிடுவோம். 1944-ல் அந்தத் தீவில் இறக்கிவிடப்பட்ட 29 மான்கள் 1963-ல் 6000 ஆகி, 1966-ல் 42 ஆகச் சுருங்கியது உண்மைதான். ஆனால் மேய லைக்கன் (கல்பாசி வகை) தீர்ந்துபோனால் மான் வேறொன்றை விதைக்காது. அந்தக் கதையை வைத்து மனிதர்களைப் பற்றி எதையும் நிறுவ முடியாது.

உங்கள் வகுத்தல் சரி. அதிலிருந்து பாதிப்பேர் மிகை என்று எப்படி வந்தீர்கள்? இந்த அவசரத்தின் மேல்தான் எனக்குக் கோபம். செல்வ நாடுகள் சிலவற்றில் ஒருவரின் தடம் 7, 8-ஐயும் தாண்டிப் போகிறது. ஏழை நாடுகளில் 1-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ நிற்கிறது. 2.7 என்பது இவர்களையெல்லாம் கூட்டி வகுத்ததில் வந்தது. அதைக் கொண்டு இன்னும் பிறக்காத உங்கள் குழந்தைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அம்மா, அது நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி எடுக்கவேண்டிய முடிவு.

இப்போது அந்த 2.7-ஐத் திறந்து பார்ப்போம். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் கரிமத் தடம், அதாவது 1.6. பயிர், மேய்ச்சல், மரம், மீன், கட்டடம் எல்லாம் சேர்ந்து மிச்சம் 1.1. கரிமத்தின் ஹெக்டேர் எப்படி வருகிறது? வெளியேறும் கரிமத்தில் கடல் உறிஞ்சுவதைக் கழித்துவிட்டு, மீதியை உறிஞ்ச எவ்வளவு காடு வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 0.73 டன் கரிமம் உறிஞ்சும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணுக்கு இரு பக்கமும் 0.37 டன் பிழை எல்லை உண்டு. 1.10 என்று வைத்தால் ஒருவரின் மொத்தத் தடம் 2.16 ஆகும், உங்கள் விடை 555 கோடி. 0.36 என்று வைத்தால் தடம் 4.34, விடை 276 கோடி. எரிபொருள் முழுவதையும் மாற்றிக் கரிமத்தைச் சுழியாக்கினால் 1200-ஐ 1.1-ஆல் வகுக்கவேண்டும், 1090 கோடி வரும். பூமி அதேதான், வயல் அதேதான். ஆக, 444 என்பது முக்கியமாக நாம் எதை எரிக்கிறோம் என்பதைச் சொல்லும் எண்.

அதற்காக 1090 கோடியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அது இன்னும் மோசமான எண். ஏனென்றால் இந்தத் தடக் கணக்கின் அட்டவணையில் பயிர்நிலம் ஒருபோதும் பற்றாக்குறை காட்டாது. வயலின் கொள்திறனை அளப்பது அதன் விளைச்சலை வைத்து; தடத்தை அளப்பதும் அதே விளைச்சலை வைத்து. உலக அளவில் இரண்டும் எப்போதும் சமமாகவே வரும். மண் தேய்ந்தாலும் நிலத்தடி நீர் இறங்கினாலும் அட்டவணைக்குத் தெரியாது. கூடுதலாக இறைத்து விளைச்சலைக் கூட்டினால் கொள்திறனே உயர்ந்துவிட்டதாகக் காட்டும்.

நூறு ஹெக்டேர் தானிய வயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 5 டன், மொத்தம் 500 டன். ஒருவருக்கு நாளுக்கு 2400 கிலோகலோரி, கிலோ தானியத்துக்கு 3500 என்று வைத்தால், முழுக்கத் தானியமே தின்று வாழ ஆண்டுக்கு 250 கிலோ வேண்டும். விதைக்கும் சேமிப்பு இழப்புக்கும் 15 சதவீதம் கழித்தால் 425 டன், ஆக 1700 பேர். இப்போது தண்ணீரைப் பாருங்கள். பயிருக்கு நிலத்தடியிலிருந்து 400 மில்லிமீட்டர் எடுக்கிறார்கள், ஆண்டுக்கு ஊறுவது 100. அப்படியென்றால் கடன் வாங்காமல் பாய்ச்சக்கூடியது 25 ஹெக்டேர்தான். அதில் 125 டன். மீதி 75 ஹெக்டேர் மானாவாரி, ஹெக்டேருக்கு ஒரு டன் என்றால் 75 டன். மொத்தம் 200. அதே 15 சதவீதம் கழித்தால் 170 டன், 680 பேர். 1700-க்கும் 680-க்கும் நடுவே இருப்பவர்களுக்குச் சோறு போடுவது தீர்ந்துகொண்டிருக்கும் நீர். மழை பொய்த்த ஆண்டுக்கு இருப்பு வைக்கவேண்டும். அதையும் கழித்தால் 680-உம் நிற்காது. சராசரி மழையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பஞ்ச ஆண்டில் மக்கள் சராசரியைத் தின்ன முடியாது.

நைட்ரஜனும் இப்படித்தான். 5 டன் தானியம் விளைய, பயிர் சுமார் 100 கிலோ நைட்ரஜன் உறிஞ்சும். இன்று உலகில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு ஹாபர்-போஷ் முறையில் காற்றிலிருந்து ஆலையில் பிடித்த நைட்ரஜனால் விளைகிறது. அந்த ஆலைகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையும் நிலக்கரியையும் நம்பி ஓடுகின்றன. உங்கள் அட்டவணையில் இதற்குத் தனி வரிசை உண்டா? எரிவாயுவின் புகை கரிமக் கணக்கில் ஏறியிருக்கும். எரிவாயு தீர்ந்தால் விளைச்சல் என்னவாகும் என்பது எங்கேயும் ஏறவில்லை.

முன்பு போட்ட கணக்குகளும் இப்படித்தான் சரிந்தன. 1679-ல் நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக், ஹாலந்தின் மக்கள் நெருக்கத்தை உலகின் குடியிருப்பு நிலம் முழுக்கப் பரப்பி 1340 கோடி என்றார். 1920-ல் பெர்ல், ரீட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வளைகோட்டை நீட்டி, அமெரிக்க மக்கள்தொகை 19.7 கோடியில் நின்றுவிடும் என்றார்கள். 1960-களிலேயே அது தாண்டிப்போனது. 1995-ல் மக்கள்தொகை ஆய்வாளர் ஜோயல் கோஹன் அதுவரை வந்த மதிப்பீடுகளைத் தொகுத்தபோது, அவை 100 கோடிக்கும் கீழே தொடங்கி ஒரு லட்சம் கோடிக்கும் மேலே போயின. எந்த உணவு, எந்த எரிபொருள், எத்தனை காலம் என்ற நிபந்தனைகள் ஆளுக்கு ஆள் வேறு.

ஒற்றை எண்ணுக்கு ஆசைப்படாமல் அட்டவணையை மறுபடி போடுங்கள். ஒரு நாட்டுக்கோ உலகத்துக்கோ வேண்டாம். ஒரே ஓர் ஆற்றுப் படுகையை எடுங்கள். நீர், நைட்ரஜன், பாஸ்பரஸ், மண், விறகு, மீன் என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்தி வையுங்கள்: ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது, இருப்பிலிருந்து எடுப்பது. முதல் பத்தியை மட்டும் ஒருவரின் தேவையால் வகுங்கள். வரும் விடைகளைக் கூட்டவும் வேண்டாம், சராசரி எடுக்கவும் வேண்டாம். மிகச் சிறியது எதுவோ அதுதான் அந்தப் படுகையின் தாங்குதிறன். கால்நடைத் தீவனத்துக்குப் போகும் தானியத்தை இருமுறை எண்ணிவிடாதீர்கள். தானியமாக ஒரு தடவை, பாலாகவும் கறியாகவும் இன்னொரு தடவை என்று கிட்டத்தட்ட எல்லோருமே எண்ணிவிடுகிறார்கள். கரிமத்தைக் கடைசியில், தனித் தாளில் வையுங்கள். போட்டு முடித்ததும் அனுப்புங்கள், வரிசை வரிசையாகப் பார்த்துத் தருகிறேன்.